சட்டைப் பைக்கு மேலே ஒரு பெயர்

சேலையூரில் கேம்ப் ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் ஒரு பள்ளிக்கூடம் வரும். அங்கே வினிதாவுக்குப் பெயர் இல்லாமல் போனது யாருடைய தப்பும் இல்லை. அவள் வந்து சேர்ந்தது ஏழாம் வகுப்பின் நடுவில், ஜனவரி மாதத்தில். வருகைப் பதிவேட்டில் நாற்பத்திரண்டு பெயர்கள் மையால் வரிசையாக இருந்தன. அதற்குக் கீழே அவள் பெயரைப் பென்சிலால் எழுதிக்கொண்டார்கள். மறுநாள் டீச்சர் ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டே வந்தவர், கடைசிப் பெயர் மங்கலாக இருக்கவும் நிமிர்ந்து, "நியூ அட்மிஷன்?" என்றார்.

"யெஸ் மிஸ்" என்றாள் வினிதா.

அவ்வளவுதான், ஒட்டிக்கொண்டது. பிள்ளைகளைத்தான் தெரியுமே, ஒன்று கிடைத்தால் விடுவார்களா? "நியூ அட்மிஷன், தள்ளி உக்காரு." "நியூ அட்மிஷன், ஜாமெட்ரி பாக்ஸ் குடு." கோடை விடுமுறை வந்து போய், எட்டாம் வகுப்பும் தொடங்கி, அவளுக்குப் பிறகு இரண்டு பேர் புதிதாகச் சேர்ந்தும்விட்டார்கள். அவர்களுக்கெல்லாம் பெயர் இருந்தது. நியூ அட்மிஷன் மட்டும் வினிதாதான்.

அவளும் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. பேசுகிற பிள்ளை இல்லை அவள். அப்பா தினகரன் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். மேடவாக்கத்தில் அடுக்குமாடிகளுக்கு லோடு அடிப்பார். பெற்றோர் கூட்டத்துக்கு ஒருநாள் லீவு போட்டுவிட்டுப் போனபோது, "ஓ, நியூ அட்மிஷனோட ஃபாதரா நீங்க?" என்று கேட்டார்கள். "ஆமா மேடம்" என்று சொல்லிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, "நாம வச்ச பேரு நல்ல பேருதானே?" என்று மனைவியிடம் கேட்டார். அதை வினிதா காதில் வாங்கிக்கொண்டாள்.

அந்தப் பள்ளியில் அவள் ஒரே ஒன்றுக்குத்தான் ஆசைப்பட்டாள். சேர்ந்த மூன்றாவது வாரம் குடியரசு தினம் வந்தது. கொடிக்கம்பத்துக்கு முன்னால் என்.சி.சி. பிள்ளைகள் காக்கிச் சீருடையில் நின்றார்கள். தலையில் தொப்பி, தொப்பியில் சிவப்பு இறகுக் குஞ்சம், இடுப்பில் பளபளக்கும் பக்கிள். மற்றவர்கள் பார்த்ததெல்லாம் அதைத்தான். வினிதா பார்த்தது வேறு. ஒவ்வொரு பிள்ளையின் வலது சட்டைப் பைக்கு மேலேயும் ஒரு கறுப்புப் பட்டை இருந்தது. அதில் வெள்ளை எழுத்தில் பெயர். யார் எதிரே வந்தாலும் படித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

ஜூலையில் என்.சி.சி.க்குப் புதுப் பிள்ளைகளை எடுத்தார்கள். எட்டாம் வகுப்பில் சேர்ந்தால் இரண்டு வருடம். ஒன்பதாம் வகுப்பில் சேர்க்க மாட்டார்கள். அதனால் இந்த வருடம் விட்டால் விட்டதுதான். மொத்தம் இருபத்தைந்து இடம். வினிதா உயரம் அளந்ததில் தேறினாள். ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தாள். கடைசியில் நடக்கச் சொன்னார்கள்.

பட்டாலியனிலிருந்து வந்திருந்த ஹவில்தார் தனசிங் "தேஸ் சல்!" என்று குரல் கொடுத்தார். கட்டளைகளெல்லாம் இந்தியில்தான். இதற்கு வேகமாக நட என்று அர்த்தம். வினிதா இடது காலை எடுத்து வைத்தாள். கூடவே இடது கையும் முன்னால் போனது. வலது கால் வைத்தபோது வலது கை போனது.

சும்மா நடக்கும்போது யாருக்கும் இப்படி வராது. இடது கால் போனால் வலது கை போகும், அது தானாக நடக்கிற காரியம். யாராவது பார்க்கிறார்கள், இப்போது நான் சரியாக நடக்க வேண்டும் என்று நினைத்துவிட்டால் சில பிள்ளைகளுக்கு மட்டும் இப்படி மாறிவிடும். என்.சி.சி. உள்ள எந்தப் பள்ளிக்கூடத்திலும் வருடத்துக்கு ஒரு பிள்ளை இப்படி அகப்படும்.

மைதானமே சிரித்தது. "ஏய், நியூ அட்மிஷன் ரோபோடா!" என்று ஒருவன் கத்தினான். "பேட்டரி மாத்திப் போட்டுட்டாங்க போல" என்றான் இன்னொருவன்.

ஹவில்தார் மூன்று முறை நடக்க வைத்துப் பார்த்தார். மூன்று முறையும் அதே கதைதான். என்.சி.சி.க்குப் பொறுப்பான யூனிஸ் டீச்சர் பட்டியலைப் பார்த்தார். இருபத்துநாலு பெயர் எழுதியாகிவிட்டது. காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் ஜென்சி என்ற பெண்ணுடையது.

"சார், இந்தப் பிள்ளை நல்லா ஓடுது. அடுத்த புதன்கிழமை வருவீங்கல்ல, அப்ப ஒருதரம் பாத்துடலாமே" என்றார் டீச்சர்.

"ஒரு வாரத்துல கை மாறிருமா மேடம்?" என்று சிரித்தார் ஹவில்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். "சரி, பாப்போம். அன்னிக்கும் இப்படித்தான்னா அடுத்த பேர எழுதிருவேன். அப்புறம் எங்கிட்ட வருத்தப்படக் கூடாது, ஆமா."

அன்றைக்குச் சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் வினிதா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் ஒன்பதாம் வகுப்பு ஜெரூஷா வந்து நின்றாள். என்.சி.சி.யில் இரண்டாம் வருடம். இந்த வருடம் சார்ஜன்ட் பட்டை அவளுக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். வீடு செம்பாக்கத்தில், வினிதா வீட்டுக்கு மூன்று தெரு தள்ளி.

"அழுவுறியா?"

"இல்லக்கா."

"அழுதா அழு, யாரு வேணாம்னா. போன வருஷம் நான் சல்யூட் அடிக்கிறப்ப என் கண்ணுலயே குத்திக்கிட்டேன் தெரியுமா? ரெண்டு நாள் கண்ணு செவப்பா இருந்துச்சு. மெட்ராஸ் ஐன்னு சொல்லி லீவு போட்டேன்."

வினிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நாளைக்கு ஈவ்னிங் ஏரிக்கரைக்கு வா. அஞ்சரைக்கு" என்றாள் ஜெரூஷா. "உன் பேரு என்ன?"

அந்தக் கேள்வியை அந்தப் பள்ளிக்கூடத்தில் முதன்முதலாகக் கேட்டவள் அவள்தான். பின்னால் என்னென்னவோ நடந்தாலும், வினிதா மனசில் பத்திரமாக இருப்பது அந்த பஸ் நிறுத்தமும் அந்தக் கேள்வியும்தான்.

மறுநாள் ஜெரூஷா வீட்டிலிருந்து இரண்டு மாப் குச்சிகளோடு வந்தாள். துணி கழற்றிய நீளக் குச்சிகள். "எங்கம்மா தேடுறதுக்குள்ள கொண்டு போய் வச்சிடணும்" என்றாள். முன்னால் ஜெரூஷா, பின்னால் வினிதா. இரண்டு பக்கமும் ஆளுக்கொரு முனையாகக் குச்சிகளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். முன்னால் போகிறவளின் கை எப்படி வீசுகிறதோ அப்படியே பின்னால் இருப்பவளின் கையும் போகும். அழகாக வந்தது. குச்சியை எடுத்ததும் பழையபடி இடது காலும் இடது கையும்.

வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். சனிக்கிழமை கையில் கைக்குட்டையைக் கட்டிப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஜெரூஷா சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து, பாட்டுப் பாடிக்கொண்டே நடக்க வைத்துப் பார்த்தாள். ஏரிக்கரையில் நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் நின்று ஆலோசனை சொன்னார். அவர் சொன்னபடி செய்ததில் கை இரண்டுமே நின்றுபோயின.

"உன் கை ஸ்ட்ரைக் பண்ணுது" என்று ஜெரூஷா கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"விடுங்கக்கா. ஜென்சியே சேரட்டும். அவளும் நல்லாத்தான் ஓடுறா."

"இன்னும் மூணு நாள் இருக்கு. எந்திரி."

திங்கட்கிழமை காலை வினிதாவுக்கு நேரமாகிவிட்டது. தெருமுனைக்கு வரும்போதே பஸ் கிளம்பத் தயாராக நின்றது. பையை முதுகில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினாள். மூடிக் கிடந்த ஒரு செல்போன் கடையின் கண்ணாடியில் தன் உருவம் ஓடுவதைப் பார்த்தாள். இடது கால், வலது கை. வலது கால், இடது கை. எல்லோரையும் போலச் சரியாக!

பஸ் போய்விட்டது. அவள் அதைக் கவனிக்கவில்லை. ஓட்டத்தைக் குறைத்து மெதுவாக நடந்தாள். கை இன்னும் சரியாகவே வந்தது. எட்டு அடி, பத்து அடி, இருபது அடி. ஓடுகிறபோது உடம்புக்கு யோசிக்க நேரமில்லை. ஓடிவந்த தாளத்திலேயே நடந்தால் கை தன் இடத்திலேயே இருக்கிறது. அந்தத் தெருவில் ஓடி, நடந்து, மறுபடியும் ஓடி, நடந்து என்று மூன்று தடவை போய்வந்தாள். இட்லி மாவு வாங்கப் போன ஒரு அம்மாள், "பாப்பா, எதையாவது தொலைச்சிட்டியா?" என்று கேட்டார்.

"இல்லம்மா, கிடைச்சிடுச்சு" என்றாள் வினிதா.

சாயங்காலம் ஏரிக்கரையில் ஜெரூஷாவிடம் ஓடிக்காட்டி, நடந்துகாட்டினாள். ஜெரூஷா துள்ளிக் குதித்தாள். அப்புறம் முகம் வாடிவிட்டது. "ஆனா செலெக்‌ஷன்ல ஓடச் சொல்ல மாட்டாங்களே. நின்ன இடத்துலேர்ந்து தேஸ் சல்லுதான் சொல்லுவாங்க. நீ ஸார்கிட்ட கேக்கணும்."

"நானா?"

"பின்ன நானா? எனக்கா கை மாறுது?"

புதன்கிழமை வந்தது. ஆடிக் காற்று தொடங்கியிருந்தது. மைதானத்துச் செம்மண் எழுந்து கண்ணிலும் வாயிலும் விழுந்தது. மேலே விமானப்படைப் பயிற்சி விமானம் ஒன்று வட்டமடித்துக்கொண்டிருந்தது. ஜன்னல்களில் எட்டாம் வகுப்பு முழுவதும் தொங்கிக்கொண்டிருந்தது. மரத்தடியில் ஜென்சி நின்றாள். அவளுக்கும் ஆசை இருக்காதா? இருந்தது. அதை மறைக்கவும் அவளுக்குத் தெரியவில்லை.

"தேஸ் சல்!" என்றார் ஹவில்தார்.

இடது கால். இடது கை.

ஜன்னல்களில் சிரிப்பு வெடித்தது. "தம்!" என்று நிறுத்தினார் ஹவில்தார். யூனிஸ் டீச்சர் கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பால் துடைக்கத் தொடங்கினார். ஹவில்தார் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார்.

"சார்."

யார் கூப்பிட்டது என்று டீச்சர் சுற்றிப் பார்த்தார். அந்தக் குரலை அவர் அதுவரை கேட்டதே இல்லை.

"சார், ஒரு ரவுண்டு ஓடிட்டு அப்புறம் நடக்கட்டுமா?"

"ஓடுறதுக்கா? எதுக்கும்மா?"

"ஓடும்போது கை சரியா வருது சார். அதுலேர்ந்தே நடந்தா நடையிலயும் சரியா வருது." ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஹவில்தார் டீச்சரைப் பார்த்தார். "ட்ரில் புத்தகத்துல இப்படியெல்லாம் கிடையாதே மேடம்."

"ஓடக் கூடாதுன்னும் போடலையே சார்" என்றார் யூனிஸ் டீச்சர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு.

ஹவில்தாருக்குச் சிரிப்பு வந்தது. பேனாவை மூடினார். "யாரு கமாண்ட் குடுக்கது? ஏ, சார்ஜன்ட் ஆகணும்னு சுத்திக்கிட்டு இருக்கியே, நீ வா."

ஜெரூஷா முன்னால் வந்தாள். அவளுக்கு ஒன்று தெரியும். ஓட்டத்திலிருந்து நடைக்கு மாற்றும் கட்டளையைக் கண்டபடி சொல்லக் கூடாது. சரியான கால் தரையில் படும்போது சொல்ல வேண்டும். ஓர் அடி தப்பினால் ஓடுகிறவளின் தாளம் உடையும், தாளம் உடைந்தால் வினிதா யோசிப்பாள், யோசித்தால் முடிந்தது.

"தௌட் கே சல்!"

வினிதா ஓடினாள். மைதானத்தைச் சுற்றி, கொடிக்கம்பத்தைத் தாண்டி, மரத்தடியைத் தாண்டி ஓடினாள். ஜெரூஷாவின் கண் அவள் காலை விட்டு நகரவில்லை. உதடு மட்டும் ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தது.

"தேஸ்... சல்!"

ஓட்டம் நடையாக மாறியது. இடது கால், வலது கை. வலது கால், இடது கை. ஜன்னல்களில் சத்தம் அடங்கியது. பத்து அடி. இருபது அடி. காற்று ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி முகத்தில் போட்டது. கண்ணை மூடிக்கொண்டும் நடந்தாள். கை மாறவில்லை.

"தம்!"

நின்றாள். ஹவில்தார் மறுபடி பேனாவைத் திறந்து, "பேரு?" என்று கேட்டார்.

"நியூ அட்மிஷன் சார்!" என்று ஜன்னலிலிருந்து ஏழெட்டுக் குரல்கள் வந்தன.

"உங்கள யாருலே கேட்டா?" என்று அவர் ஒரு பார்வை பார்த்தார். தலைகள் உள்ளே போயின.

"வினிதா சார். தி. வினிதா."

அவர் எழுதுவதை அவள் தலைகீழாகப் படித்தாள். பென்சில் இல்லை. மை.

ஜென்சியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்கு மனசு கேட்காது. அவள் அன்றைக்கு நன்றாக அழுதாள். அடுத்த வாரம் யூனிஸ் டீச்சரே அவளைப் பள்ளி பேண்டு வாத்தியத்தில் சேர்த்துவிட்டார். இப்போது பெரிய டிரம் அவள் கழுத்தில்தான் தொங்குகிறது. அணிவகுப்பே அவள் அடிக்கிற அடிக்குத்தான் கால் எடுத்து வைக்கிறது.

அந்த வாரக் கடைசியில் சீருடை கொடுத்தார்கள். போன வருடம் முடித்துப் போனவர்கள் திருப்பிக் கொடுத்தவை. வினிதாவுக்கு வந்த சட்டையில் வலது பைக்கு மேலே இரண்டு சின்ன ஓட்டைகள் இருந்தன. யாருடைய பெயரோ இரண்டு வருடம் இருந்த இடம். அம்மா தோளைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். தொப்பியை ஜெரூஷா வாங்கிக்கொண்டு போய், நனைத்து, வீட்டிலிருந்த எவர்சில்வர் குண்டான் மேல் கவிழ்த்து, ஒரு பக்கமாகப் படிய இழுத்துவிட்டுக் காயவைத்துக் கொண்டுவந்தாள். "இன்னிக்கு எங்க வீட்டுல ரசம் வைக்கப் பாத்திரம் இல்ல. உன்னாலதான்" என்றாள்.

பெயர்ப்பட்டையைத் தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் செய்து வாங்கினார்கள். தினகரன் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "அந்தப் பொண்ணுக்கும் டீச்சருக்கும் நாம ஏதாவது செய்யணும்மா. ஒரு நன்றி சொல்லணும் இல்ல?"

"பரேடுல பேசக் கூடாதுப்பா."

"நான் பரேடுல இல்லியே?" என்றார் அவர். ஆனால் போய் நின்று நாலு வார்த்தை பேசுவது அவருக்கும் வராத காரியம். மகள் யாரைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று நினைக்கிறீர்கள்?

முதல் ஒத்திகை அன்றைக்கு மகளைக் கூட்டிப்போக வந்தவர், மைதானத்தைப் பார்த்தார். ஐம்பது பிள்ளைகள் காலைத் தூக்கி வைக்க வைக்க, மண் புகை மாதிரி எழுந்தது. கட்டளை சொல்லச் சொல்ல ஜெரூஷா இருமினாள். யூனிஸ் டீச்சர் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். பாலிஷ் போட்ட பூட்ஸெல்லாம் செங்கல் நிறம்.

மறுநாள் லாரி முதலாளி துரைராஜிடம் போனார். மேடவாக்கத்துப் பழைய குடும்பம், சொந்தக் கிணறு, நாலு லாரி.

"இன்னாய்யா தினகரா, தலையைச் சொறிஞ்சிகினு நிக்கிற? லீவா?"

"லீவு இல்ல சார். சனிக்கெழம காலைல ஒரு லோடு... எம் பொண்ணு ஸ்கூலு கிரவுண்டுக்கு. மண்ணு ஓவரா பறக்குது. குடிக்கிற தண்ணி வேணாம், அந்தப் பழைய கெணத்துல கீதே, உப்புத் தண்ணி..."

"உம் பொண்ணு மிலிட்டரில சேந்துகிச்சின்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரியிறியாமே?"

"மிலிட்டரி இல்ல சார், என்.சி.சி."

"ரெண்டும் காக்கிதானே? எட்து போ. ஆனா எனுக்கு ஒரு சல்யூட்டு வரணும் சொல்லிட்டேன். எம் பசங்க ஒருத்தனும் எனுக்கு அடிச்சதில்ல."

சனிக்கிழமை, அந்த வருடத்தின் முதல் அணிவகுப்பு. காலை ஆறரைக்கு, புதுப் பிள்ளைகளும் பழைய பிள்ளைகளும் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, கேட்டுக்கு வெளியே ஹாரன் கேட்டது. வினிதா சொன்னதும் யூனிஸ் டீச்சர் முந்தின நாளே அனுமதி வாங்கி வைத்திருந்தார். மஞ்சள் தண்ணீர் லாரி மெல்ல உள்ளே வந்தது. தினகரன் பின்னால் குழாயைத் திறந்துவிட்டு, மைதானத்தின் ஓரத்திலிருந்து வரிசையாக ஓட்டிக்கொண்டு வந்தார். மண் வாசனை எழுந்தது. தூசி அப்படியே படுத்துவிட்டது.

வினிதா 'சாவ்தான்' நிலையில் இருந்தாள். அசையக் கூடாது, தலை திருப்பக் கூடாது. கண்ணின் ஓரத்தில் லாரி போவதும் வருவதும் தெரிந்தது. ஜெரூஷா உதட்டை அசைக்காமல், "உங்கப்பாவா?" என்றாள். வினிதா உதட்டை அசைக்காமல், "ம்" என்றாள். "சூப்பர்" என்றாள் ஜெரூஷா. இரண்டு பேருக்கும் தொண்டையில் சிரிப்பு முட்டியது.

லாரி கொடிக்கம்பத்துப் பக்கம் வந்து நின்றபோது, ஹவில்தார் பெயர்களை வாசிக்கத் தொடங்கியிருந்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல் எழுந்து "ஜெய் ஹிந்த் சார்!" என்றது. தினகரன் குழாயை மூட இறங்கி, வால்வில் கை வைத்தார்.

"கேடட் வினிதா!"

"ஜெய் ஹிந்த் சார்!"

மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டது அந்தக் குரல். தினகரனின் கை வால்வின் மேலேயே நின்றுவிட்டது. வீட்டில் கூப்பிடுகிற அதே பெயர்தான். ஆனால் வேறொருவர் வாயிலிருந்து, ஊரே கேட்கும்படி, இவ்வளவு சத்தமாக வந்து அவர் கேட்டதில்லை. ஹவில்தார் அடுத்த பெயருக்கும், அதற்கடுத்த பெயருக்கும் போய்விட்டார். தினகரன் அங்கேயே நின்றார். காலடியில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

"அண்ணாச்சி! தண்ணி! தண்ணிய மூடுங்க!" என்று ஹவில்தார் கத்தியபோதுதான் அவருக்கு உணர்வு வந்தது. அதற்குள் கொடிக்கம்பத்துக்கு முன்னால் ஒரு குட்டி ஏரியே உருவாகிவிட்டது. "மன்னிச்சுக்குங்க சார், மன்னிச்சுக்குங்க" என்று பதறிக்கொண்டு மூடினார்.

யூனிஸ் டீச்சர் அருகில் போனார். "வினிதாவோட அப்பாதானே நீங்க?"

"ஆமா மேடம்" என்றார் தினகரன். கையெடுத்துக் கும்பிட்டார். டீச்சரும் கும்பிட்டார். அது போதுமாக இருந்தது இரண்டு பேருக்கும்.

ஜெரூஷா முன்னால் வந்து நின்றாள். எதிரே தண்ணீர் தேங்கிக் கிடந்தது. சுற்றிக்கொண்டு போகச் சொல்வாளோ என்று எல்லோரும் பார்த்தார்கள். அவள் ஹவில்தாரைப் பார்த்தாள். அவர் மீசைக்குள் சிரித்துக்கொண்டு தலையசைத்தார்.

"தௌட் கே சல்!"

ஐம்பது பேரும் ஓடினார்கள்.

"தேஸ்... சல்!"

அந்த ஐம்பது பேரும், ஓடிவந்த தாளம் கலையாமல், நேராகத் தண்ணீருக்குள் இறங்கி நடந்தார்கள். பூட்ஸெல்லாம் சளக், சளக் என்று ஒரே சத்தம். மூன்றாவது வரிசையில், கடைசிக்கு முந்தின ஆளுக்கு முட்டி வரை சேறு. சட்டைப் பைக்கு மேலே ஒரு துளி தெறித்து, பெயரின் முதல் எழுத்தில் ஒட்டிக்கொண்டது. அவள் துடைக்கவில்லை. கை இரண்டும் வேலையாக இருந்தன, வலதும் இடதும், இடதும் வலதும்.